பெட்கரின் பொறுமையைப் புகழ்ந்து

முரளிகாந்த் பெட்கரைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் வந்து நிற்பது அவருடைய பொறுமைதான். 1972 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் அவர் தங்கம் வாங்கினார். நேரம் 37.33 விநாடி. அவருடைய பிரிவில் அது உலக சாதனை. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், தனி ஆளாக ஓர் இந்தியர் வாங்கிய முதல் தங்கம் அது. நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல். அர்ஜுனா விருது கொடுத்தது 2025 ஜனவரியில். முதலாவதற்கு 46 ஆண்டு, இரண்டாவதற்கு 52 ஆண்டுக்கு மேல். அத்தனை ஆண்டும் மனிதர் உயிரோடு இருந்தார். நீச்சல் இருக்கட்டும், அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

எல்லோருக்கும் அந்த ஆயுள் வாய்ப்பதில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கி, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த கே.டி. ஜாதவும் மகாராஷ்டிரக்காரர்தான். பெட்கரின் சாங்க்லிக்குப் பக்கத்து மாவட்டமான சத்தாராவில் பிறந்தவர். 1984இல் ஒரு விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து அவர் பெயருக்கு அர்ஜுனா விருது வந்தது. வாங்க அவர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்போம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய் அவன் ஆயுதச் சாலையைப் பார்த்த ஔவை அவனைத் திட்டவில்லை. உன் வேல்கள் நெய் பூசி, பீலி சூடி, பளபளவென்று காவலுக்குள் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று கண்டதைச் சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. போர் பார்க்காத வேல்தான் பளபளக்கும் என்பது தொண்டைமானுக்கே தெரியும். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டின் பலமே அதில் உள்ள உண்மைதான். பெட்கரைப் பற்றி நான் சொல்லப்போகும் புகழ்ச்சியும் அப்படிப்பட்டதே. ஒவ்வொரு சொல்லையும் மனதாரச் சொல்கிறேன். அது யார்மேல் போய்க் குத்துகிறது என்பதையும் மறைக்கப்போவதில்லை. நம்மேல்தான்.

பெட்கர் 1944 நவம்பர் 1 அன்று சாங்க்லி மாவட்டத்தின் இஸ்லாம்பூரில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்தார், மின்னியல், இயந்திரவியல் பொறியாளர் படைப்பிரிவில் வேலை. அங்கே குத்துச்சண்டைக்காரராகப் பேர் எடுத்தார். 1965 பாகிஸ்தான் போரின்போது அவர் இருந்த முகாமை விமானங்கள் தாக்கின. உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. ஒன்று முதுகுத்தண்டிலேயே தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மும்பையின் கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் நெடுநாள் கிடந்தார். குத்துச்சண்டை வளையத்தில் ஆடிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞருக்கு, கட்டிலில் புரண்டு படுக்கவும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. உடம்பைத் தேற்றுவதற்கு நீந்தச் சொன்னார்கள். அந்த மருத்துவர்களை மனம் நிறையப் புகழலாம். இந்த மனிதருக்கு இனி என்ன தேவை என்று கேட்டு, அதற்கு ஒரு குளத்தைக் காட்டியவர்கள் அவர்கள்.

பாராலிம்பிக் பிறந்த கதையும் இதேதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோமில் அது பெரிய விழாவாயிற்று. 1968இல் டெல் அவிவுக்கு இந்தியா முதன்முதலாக ஆட்களை அனுப்பியது. அந்த அணியில் பெட்கர் மேசைப்பந்து ஆடினார். நான்கு ஆண்டு கழித்து ஹைடல்பெர்க்கில் நீந்தினார், ஈட்டி எறிந்தார், ஸ்லாலம் என்ற சக்கர நாற்காலித் தடை ஓட்டத்திலும் இறங்கினார். பயணச் செலவுக்குக் கைகொடுத்தது, பழைய கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்டின் தொண்டு அமைப்பு.

அந்த நீச்சலைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குப்புற நீந்தும்போது கால் செய்யும் வேலை கரையில் நிற்பவர் கண்ணில் படாது. கால் உதைக்கும்போதுதான் இடுப்பு மேலே நிற்கும். உடம்பு பலகைபோல நீளும். கால் செத்துப்போனால் இடுப்பு தாழும். தாழ்ந்த இடுப்பும் தொங்குகிற காலும் தண்ணீரைப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். ஈரச் சாக்கு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவதற்குச் சமம். முன்னால் போவதும் கையின் வேலை, உடம்பை நேராக வைப்பதும் கையின் வேலை, மூச்செடுக்கத் திரும்பும்போது கவிழாமல் பார்த்துக்கொள்வதும் கையின் வேலை. பெட்கரிடம் இருந்தது குத்துச்சண்டைக்காரரின் தோள். அதை வைத்துத்தான் 37.33.

அதே ஆண்டு, அதே ஜெர்மனியில், சில வாரம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கினார். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவருடைய நேரம் 51.22 விநாடி. அதைப் பாதியாக்கினால் 50 மீட்டருக்குச் சராசரி 25.6 வரும். உலகத்திலேயே மிகச் சிறந்த முழு உடம்புக்கும், கால் இரண்டும் செயல்படாத, முதுகில் குண்டு தங்கிய உடம்புக்கும் நடுவே இருந்தது பன்னிரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஸ்பிட்ஸின் மீசைகூட நமக்கு ஞாபகம் இருக்கிறது. பெட்கரின் நேரத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த பாராலிம்பிக் மியூனிக்கில் நடக்காமல் ஹைடல்பெர்க்குக்குப் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒலிம்பிக் முடிந்த கையோடு வீரர்கள் தங்கிய குடியிருப்பைத் தனியார் வீடுகளாக மாற்றும் ஏற்பாடு இருந்தது. அதனால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வளாகத்தைக் கொடுத்தது. இந்தியாவை மட்டும் குறை சொல்லி என்ன? ஓரமாக உட்காரவைக்கும் வழக்கம் எங்கும் இருந்தது. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தவர் தங்கத்தோடு வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்தோம் என்பது நம் வீட்டுக் கணக்கு.

அந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. உழைத்துச் சாப்பிட்டார். 1982இல் அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். உலக சாதனையோடு தங்கம் வாங்கியவர் விருதுக்குத் தானே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது என்பதையும், அப்படி விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 2004இல் ஏதென்ஸில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் இரண்டாவது தங்கம் அது. அந்த ஆண்டே அவருக்கு அர்ஜுனா, 2012இல் பத்மஸ்ரீ. 2016இல் ரியோவில் நம் சேலத்துப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டி மூன்றாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு இரண்டு கோடி ரூபாய் அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2017இல், பத்மஸ்ரீ. இரண்டு பேருக்கும் அது தகும். இன்னும் கூடக் கொடுத்தாலும் தகும். முதல் தங்கத்துக்காரருக்குப் பத்மஸ்ரீ வந்தது இந்த இருவருக்கும் பிறகு, 2018இல். கொடுத்தவர்களைப் புகழ்கிறேன். அவர்களுக்கு முன்னால் 46 ஆண்டாக அதிகார நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அந்தப் புகழ்ச்சியைச் சொல்லி முடிக்கும்போதே மற்றவர்களுக்கு என்ன சொல்கிறேன் என்பதும் வந்துவிடுகிறது.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கியபோது, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் என்று நாடே கொண்டாடியது. ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரி. ஆனால் ஒலிம்பிக் என்ற சொல்லை விட்டுவிட்டு, இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம் என்று மட்டும் பேசியவர்கள் உண்டு. அந்த ஒரு சொல்லை விட்ட இடத்தில் ஒரு மனிதரின் 36 ஆண்டு விழுந்துபோனது. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 2012 லண்டன் பாராலிம்பிக்குக்குப் போன பெங்களூரு நீச்சல் வீரர் சரத் கெய்க்வாட் மிகப் பெரிய திறமைசாலி. இடது கை வளர்ச்சியில்லாமல் பிறந்தவர். 2014 இஞ்சியான் ஆசிய பாரா விளையாட்டில் ஆறு பதக்கம் வாங்கினார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் பி.டி. உஷா வாங்கியது ஐந்து. அப்பேர்ப்பட்டவரை, பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் என்று எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன். சரத்தைப் புகழ வந்த வரிதான். அதே வரியில் பெட்கரைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்கள். பாவம், சரத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அவருக்கு அந்தப் பொய்ப் பட்டம் தேவையும் இல்லை. ஆறு பதக்கம் இருக்கிறது.

பெட்கரின் கதையைக் கபீர் கான் 2024 ஜூனில் இந்தியில் படமாக்கினார். கார்த்திக் ஆர்யன் நடித்த ‘சந்து சாம்பியன்’. அந்தப் பெயரே ஒரு வஞ்சப்புகழ்ச்சி. ஒலிம்பிக் பதக்கம் வாங்குவேன் என்று சொன்ன பையனை ஊர் கேலி செய்து வைத்த பட்டம் அது. சாம்பியன் என்று கூப்பிடுவார்கள், முன்னால் ஒரு ஏளனம் ஒட்டியிருக்கும். படத்தில் வயதான பெட்கர் அர்ஜுனா விருது கிடைக்காததற்குக் குடியரசுத் தலைவர்மேல் வழக்குப் போடக் காவல் நிலையத்துக்குப் போகிறார். படம் வந்த ஏழாவது மாதம், 80 வயதில், வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதை நிஜப் பெட்கர் குடியரசுத் தலைவர் மாளிகையில் வாங்கினார். படம் எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். கோப்புகளில் 52 ஆண்டாக இருந்த ஒரு விஷயம் திரையில் வந்த பிறகு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதையெல்லாம் டெல்லி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பாரா நீச்சல் போட்டி. குளத்தோரம் நிழலில்லாத சிமெண்ட் தரை. ஒரு பையன், பதிமூன்று பதினாலு வயது இருக்கும், இரண்டு காலும் சூம்பியவன். அவனுடைய காலிப்பரை அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மேலே ஒரு துண்டைப் போர்த்தி. வெயிலில் இரும்பு காய்ந்துவிட்டால் மாட்டும்போது தோல் சுட்டுவிடுமாம். பையன் தண்ணீரில் இறங்கிய பிறகு வேறு ஆளாகிவிட்டான். கரையில் ஒவ்வொரு அடிக்கும் யாரையாவது பிடித்துக்கொள்பவன், உள்ளே யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டதும் கோச் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து, பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

பரிசு கொடுக்க வரவேண்டியவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அதுவரை பிள்ளைகள் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டியின் மேடைக்குச் சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்த பிள்ளைகளை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், சாமி தூக்குவதுபோல. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கைதட்டல். பேசியவர் மிக உருக்கமாகப் பேசினார். கை கால் நன்றாக இருக்கிற நாமெல்லாம் இவர்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்றார். இவர்கள் கடவுளின் குழந்தைகள் என்றார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு நிமிடம் உருகித்தான் போனேன். பொன்னாடை, ஷீல்டு, போட்டோ எல்லாம் முடிந்து அந்தப் பையனைக் கீழே இறக்கியதும், பக்கத்தில் இருந்த என்னிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணா, டைமிங் சொன்னாங்களா?”

சொல்லவில்லை. அவன் டைமிங்கை மட்டுமல்ல, யாருடைய டைமிங்கையும் மேடையில் ஒருவரும் படிக்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. கோச்தான் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வேர்வையில் பாதி அழிந்திருந்தது. “போன தடவைக்கு ரெண்டு செகண்ட் கம்மிடா. டர்ன்ல இன்னும் லேட் பண்ற.” பையன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. கடவுளின் குழந்தை என்றபோது வராத சிரிப்பு.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். கால் இல்லாமலே இவ்வளவு செய்கிறானே என்பதை நாம் புகழ்ச்சி என்று நினைத்துச் சொல்கிறோம். கேட்பவன் காதில் அது, உன்னிடம் நான் இவ்வளவுகூட எதிர்பார்க்கவில்லை என்று விழுகிறது. அடித் தொண்டையிலிருந்து வருகிற பாராட்டுதான், பாராட்டுபவர் நல்லவர்தான். ஆனால் நீச்சல்காரனை நீச்சல்காரனாக ஒருவர் பார்த்திருந்தால் முதலில் நேரத்தைக் கேட்டிருப்பார். 2015இல் பிரதமர் ‘திவ்யாங்’ என்ற சொல்லை, தெய்வீக உறுப்பு உள்ளவர் என்ற பொருளில், முன்வைத்தபோது அதை முதலில் எதிர்த்தவர்கள் மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பினரே. தெய்வீகம் வேண்டாம், சாய்தளம் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். மரியாதைக்குக் கொடுத்த சொல்லை ஏன் மறுக்கிறார்கள் என்று அன்றைக்குக் குழம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த ஐந்து படியைப் பார்த்த பிறகு குழப்பமில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 30ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியதுதான். விளையாட்டு வசதிகளை மாற்றியமைக்க வேண்டும், பயிற்சிக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று அரசுக்கே கட்டளை போடுகிறது. நம் ஊர் நீச்சல் குளத்தில் ஏணிக்குப் பதிலாக ஒரு சரிவு இருக்கிறதா, உடை மாற்றும் அறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா, கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால் அந்தப் பிரிவின் நிலவரம் தெரிந்துவிடும். பையனின் அம்மா சொன்னார், குளத்துக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டிலும் அவனைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று. அவனுக்கு வயது ஏற ஏற எடையும் ஏறும். இன்னும் எத்தனை வருஷம் தூக்குவேன் என்று அவர் கேட்கவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவின் தியாகத்தையும் நாம் புகழத்தான் செய்வோம். தாழ்தளப் பேருந்து ஒன்று அந்த வழியில் ஓடினால் அந்தத் தியாகத்தில் பாதி தேவைப்படாது.

அதனால்தான் பெட்கரைப் புகழும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் பொறுமைசாலி என்றால், அவரைப் பொறுக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் மனம் தளராதவர் என்றால், தளரவைக்க 1982இல் ஒரு காகிதம் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். நீந்துவதற்கு அவருக்குத் தோள் வேண்டியிருந்தது; அது இருந்தது. விருதுக்குக் காத்திருக்க இன்னொரு வலிமை வேண்டியிருந்தது. எந்த வீரரிடமும் நாம் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

உங்கள் ஊரிலும் ஒரு பாரா நீச்சல் போட்டி நடக்கும். உங்களை அழைத்தால் போங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். மேடை போடுகிறவரிடம் சாய்தளம் போட்டாயிற்றா என்று முந்தின நாளே கேளுங்கள். போடவில்லை என்றால் மேடையே வேண்டாம், தரையில் வைத்துப் பரிசு கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். மைக் கைக்கு வந்ததும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, எத்தனை மீட்டர், எத்தனை விநாடி, போன தடவை எத்தனை என்பதைப் படியுங்கள். பொன்னாடையை அதற்குப் பிறகு போர்த்தலாம்.